ஷேடு மாறின நீலம்

கார்த்திகையிலேயே முடிந்துவிட்டது எங்கள் சீசன்.
ஆறு நாடு, ஆறு நிறம், பதினெட்டாயிரம் பீஸ்,
அங்கேரிபாளையம் ரோட்டில் இரண்டாவது மாடி.
ஆடுகிறவர்கள் போட அல்ல,
குளிரில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் போட.

சிவப்பு போனது, பச்சை போனது,
வெள்ளை மஞ்சள் கறை ஒன்றும் படாமல் போனது.
இத்தாலி நீலத்தில் மட்டும்
கைக்கும் உடம்புக்கும் ஷேடு சேரவில்லை.
சாயப்பட்டறைக்காரர் தண்ணியைச் சொன்னார்,
மெர்ச்சண்டைசர் திருமூர்த்தி சாயப்பட்டறையைச் சொன்னார்,
பையர் யாரையும் சொல்லவில்லை,
ஒரே வரியில் மெயில் போட்டார்.
நானூற்றுப் பன்னிரண்டு பீஸ்.
காதர்பேட்டைக்குப் போனது பாதி.
மீதி தைத்தவர்களுக்கே,
சம்பளத்தில் அறுபது ரூபாய் கழித்துக்கொண்டு.

தை கடைசியில்தான் அவர்களுக்குத் துவக்கம்.
சனிக்கிழமை. சம்பள நாள்.
கவரை எண்ணிக்கொண்டு நிற்கிறேன்,
ஓவர்லாக் ஜமுனா ஹெம்ப்ரம்
முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறாள்:
“அக்கா, நம்ம துணி!”

நம்ம துணிதான். கேலரி நிறைய,
மழையில் ஒட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு.
கீழே மைதானத்தில்
ஒருத்தன் சட்டையை மூன்று பேர் பிடித்து இழுக்கிறார்கள்.
அது நாங்கள் தைத்ததில்லை, தெரியும்.
தெரிந்தும்
தோள் தையல் தாங்கவேணுமே என்று
எனக்குப் பல் கூசியது.

மயூர்பஞ்சில் ஹாஸ்டல் பள்ளியில் ஆடினவளாம் இவள்.
ஓரமாக ஓடுகிற ஆளாம்.
“பந்து முன்னாடி போடக் கூடாதுக்கா.
பின்னாடிதான் குடுக்கணும்.
ஆனா நாம முன்னாடி போகணும்.”
இதென்ன நாயம் சாமி என்றேன்.
எங்கள் லைனில் காலர், அப்புறம் கை, அப்புறம் அடிமடிப்பு,
எல்லாத்தையும் முன்னாலேயேதான் தள்ளுவோம்.
நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்போம்.

அடுத்த சனியும் ஆட்டம்.
அதற்கடுத்த சனி ஓய்வாம் அவர்களுக்கு,
எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட்.
நீலம் தோற்றது. மறுபடி தோற்றது.
ஒரு தடவை மூன்றே புள்ளியில் தோற்று,
ஜமுனா ராத்திரி சாப்பிடவில்லை.
பட்டியலில் கடைசியாக வருகிற அணிக்கு
மரக்கரண்டி என்று பேராம்.
கையில் தருவதில்லை, பேச்சுக்குத்தான்.

“அகப்பைங்களா?”
கட்டிங் மாஸ்டர் செங்கோடன் சிரித்தார்.
“சட்டியில இருந்தாத்தானுங்க அகப்பையில வரும்.”
அவரும் நீலம்தான் போட்டிருந்தார்,
தொப்பைக்கு மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.

பங்குனி பிறந்து கடைசி ஆட்டம்.
பாதியில் டேட்டா தீர்ந்துவிட்டது.
கீழே லோடு ஏற்றுகிற இடத்தில் லைட் எரிந்தது.
ஜமுனா பனியன் வேஸ்ட்டை அள்ளி இறுக்கிச் சுருட்டி
இரண்டு முனையும் கூம்பி வர
பேக்கிங் டேப் சுற்றினாள்.
உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது.
“என்னைப் புடிங்கக்கா.”

பன்னிரண்டு வருசமாக என் வேலையே அதுதான்.
தோளைப் பிடித்து இழு, அக்குளைப் பிடித்து இழு,
விட்டால் சிவப்பு ஸ்டிக்கர்.
புடவையைச் செருகிக்கொண்டு நின்றேன்.

வந்தாள்.
இடது பக்கம் காட்டிவிட்டு வலது பக்கம் வந்தாள்.
ஷேடு மாறின கை ஒன்று என் கைக்குள் சிக்கியது,
அவளே தைத்த கை.
உள்ள பலம் அத்தனையும் வைத்து இழுத்தேன்.
ஒரு நூல் விடவில்லை.
என் விரல்தான் விட்டது.

டெம்போவைத் தாண்டி கேட் வரைக்கும் ஓடி
பந்தைத் தரையில் வைத்தாள்.
எறியவில்லை. குனிந்து, இரண்டு கையாலும்
வைத்தாள்.

வாட்ச்மேன் விசில் ஊதினார்.
ஓரம் போகச் சொல்லி.
வெளியே ரோட்டில்
கன்டெய்னர் நிற்குதாம்.